சொந்த வடிவமைப்பில் ஐந்து தந்தி பாஸ் கிட்டார்: பழைய தேக்கு உத்திரத்தில் செய்யலாமா?

மூன்றுகட்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மதுரை வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக பாஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். திருமண வரவேற்பு என்றால் மூன்று மணி நேரம், கோயில் திருவிழா என்றால் ஐந்து மணி நேரம் நின்றுகொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது தொழிற்சாலையில் செய்த நான்கு தந்தி பாஸ், எடை 4.6 கிலோ. இடது தோளில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, அதன் அடித்தந்தி மூன்று கட்டையோடு (மேற்கத்திய முறையில் E) நின்றுவிடுவது. எங்கள் பாடகர் சுருதியை இரண்டு கட்டை, ஒன்றரை, ஒன்று என்று இறக்கிக்கொண்டே போகும்போது, ஆதார சுரத்தைக் கீழே தொட வழியில்லாமல் மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கிறேன். கீபோர்டு வாசிப்பவர் இடது கையால் அந்த இடத்தை நிரப்பிவிட, பாஸ் இருந்தும் இல்லாதது போல் ஆகிவிடுகிறது.

ஆகவே ஒரு கட்டைக்கும் கீழே, அடுத்த கீழ் ஸ்தாயியின் ஏழு கட்டை (B) வரை இறங்கும் ஐந்து தந்தி பாஸ் ஒன்றை என் வரைபடத்தின்படி செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறேன். தாத்தா வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்திரம் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேல் காய்ந்த நிலையில் இருக்கிறது. உடல் பகுதி முழுவதையும் அதிலேயே செய்ய ஆசை. ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) 35 அங்குலம், தந்தியின் அதிர்வை மின்சார ஒலியாக மாற்றும் பிக்கப்பில் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கர் இரண்டு, பேட்டரியில் இயங்கும் 18 வோல்ட் ஆக்டிவ் சர்க்யூட் என்று குறித்து வைத்திருக்கிறேன். உடலில் நெக்கின் இருபுறமும் நீளும் கொம்புகளில் மேல் கொம்பைக் குட்டையாகவும் கீழ்க் கொம்பை நீளமாகவும் வரைந்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது. செய்து தர ஒரு கைவினைஞர் ஒப்புக்கொண்டுள்ளார். மரத்தை அறுப்பதற்கு முன் இங்குள்ள அனுபவசாலிகளின் கருத்தைக் கேட்டுவிட நினைக்கிறேன்.

இழைப்புளி எழுதியது:

வணக்கம். கிட்டார் செய்வதே என் தொழில் என்பதால் மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

தேக்கு கெட்ட மரம் அன்று. ஆனால் உங்கள் தோளுக்கு அது எதிரி. பாஸ் கிட்டார்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஆல்டர் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ எடை கொண்டது. தேக்கு ஏறத்தாழ 650 கிலோ. அதே வடிவத்தை அதே தடிமனில் வெட்டினால் உடல் பகுதியின் எடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். ஐந்து தந்திக்கான அகலமான நெக் (கழுத்து), ஐந்தாவது டியூனர் (தந்தியை முறுக்கும் திருகு), பெரிய பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். எந்த வலியிலிருந்து தப்பிக்கப் புதிய கருவி செய்கிறீர்களோ, அதே வலியைக் காசு கொடுத்து வாங்கியவர் ஆவீர்கள். தாத்தாவின் உத்திரத்தை வீணாக்க வேண்டாம் என்றால் 6 மில்லிமீட்டர் பலகையாக அறுத்து முகப்பாக ஒட்டுங்கள். அடியில் மகோகனி போன்ற எடை குறைந்த மரத்தை வைத்து, உள்ளே இரண்டு மூன்று இடங்களில் குடைந்துகொள்ளலாம்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காமல் பின்னொரு நாளில் பிளவு விடும். அதோடு, பழைய உத்திரம் என்றால் ஆணி இல்லாமல் இருக்காது. வெளியே தெரியும் ஆணிகளைப் பிடுங்கிவிடுவார்கள். உள்ளே முறிந்து நிற்பது, மரம் குடையும் ரௌட்டர் இயந்திரத்தின் பிட் உடையும்போதுதான் தெரியும். ஒரு முறை அப்படி ஒரு துண்டு என் காதை உரசிக்கொண்டு போயிற்று. மெட்டல் டிடெக்டரால் சோதிக்காமல் அறுக்க விடாதீர்கள்.

இனி, அழகாக இருக்கிறது என்று நீங்கள் சொன்ன மேல் கொம்பு. வரைபடத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். மேல் கொம்பின் முனையில்தான் ஸ்ட்ராப் பொத்தான் அமரும். அந்தப் பொத்தான், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளில் பன்னிரண்டாவதற்கு (பன்னிரண்டாம் பிரெட்டுக்கு) நேராகவோ அதற்கு மிக அருகிலோ இருந்தால்தான் கருவி கையை விட்டாலும் நேராகத் தொங்கும். கொம்பைக் குட்டையாக்கினால் பொத்தான் உடலை நோக்கி நகர்ந்துவிடும்; நெக் தரையை நோக்கிச் சாயும்; வாசிக்க வேண்டிய இடது கை ஐந்து மணி நேரமும் நெக்கைத் தாங்கிப் பிடிக்கும் கூலி வேலையைச் செய்யும். நான்கு கிலோ கருவி சாய்ந்தால் தரும் களைப்பு, நாலரைக் கிலோ கருவி நேராக நின்றால் வராது. கொம்பை நீட்டுங்கள், ஹெட்ஸ்டாக்கை (டியூனர்கள் அமரும் நெக் முனையை) சிறிதாக்குங்கள், எடை குறைந்த டியூனர்களைப் போடுங்கள். ஸ்டைன்பர்கர் நிறுவனக் கருவிகளின் பாணியில் ஹெட்ஸ்டாக்கே இல்லாமல் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் அதற்கான பாகம் ஒன்று உடைந்தால் சிற்றூரில் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மரத்தை அறுப்பதற்கு முன் ஒரு பிளைவுட் பலகையில் உங்கள் வடிவத்தை வெட்டி, நெக் நீளத்துக்கு ஒரு ரீப்பரை அறைந்து, முனையில் டியூனர்களின் எடைக்கு ஈடாக இரும்புத் துண்டுகளைக் கட்டி, ஸ்ட்ராப் மாட்டி வீட்டில் இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

35 அங்குலம் பற்றி: 1951-இல் வந்த ஃபெண்டர் பிரெசிஷன் பாஸின் 34 அங்குலம்தான் இன்றும் பொது அளவு. நீளத்தை ஓர் அங்குலம் கூட்டினால் அதே தந்தி, அதே சுருதியில், ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல் இழுவிசையைப் பெறும். ஏழு கட்டைத் தந்தி சற்று விறைப்பாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் முதல் பிரெட்டின் இடைவெளி 48.5 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 50 ஆகிவிடும். விரைவான பாடல்களில் விரல் அதை உணரும். என் கருத்தில் அடித்தந்தி தளர்வாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் நெக்கின் தொய்வே காரணம், நீளம் அன்று. ஐந்து பட்டைகளை ஒட்டிச் செய்த நெக், நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும், இரண்டு பக்கமும் திரும்பும் ட்ரஸ் ராட் கம்பி, அதன் இருபுறமும் கார்பன் ஃபைபர் கம்பிகள் ஆகிய மூன்றும் இருந்தால் 34 அங்குலமே போதும். மேலும் 34-க்கான தந்தி எந்தப் பெரிய ஊரிலும் கிடைக்கும். 35-இல் உடலுக்குப் பின்னாலிருந்து தந்தியைக் கோக்கும் பிரிட்ஜையும் வைத்துவிட்டால் சாதாரணத் தந்தி எட்டாமல் போகலாம்.

பிரெட்போர்டுக்கு (விரல் அழுத்தும் பலகைக்கு) ஈட்டி மரம் நல்ல தேர்வு. ஆனால் தமிழ்நாட்டில் அந்த மரத்துக்கென்றே 1994-இல் தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; ரசீதோடு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

தாழ்சுரம் எழுதியது:

தம்பி, முப்பது வருடங்களாக மேடையில் நிற்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன்: ஐந்தாவது தந்தி உண்மையிலேயே வேண்டுமா? உன் தேவை ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைதானே? இரண்டு கட்டை மட்டும் என்றால், அடித்தந்தியை ஒரு நெம்புகோலால் நொடியில் இறக்கி ஏற்றும் டியூனர்கள் விற்கின்றன. இருக்கும் கருவியிலேயே மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களின் பாஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 மாடல் பிரெசிஷன் பாஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, தந்தியைக்கூட அறுந்தால் ஒழிய மாற்றாமல், எத்தனை பாடல்களுக்கு வாசித்துவிட்டுப் போனார்!

ஒரு கட்டை வரைக்கும் இறங்கியே ஆக வேண்டும் என்றால் ஐந்து தந்திக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் முறையே எல்லாம் சரியாக அமைந்துவிடும் என்று நம்பாதே. ஆறு தந்தி பாஸ் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அமெரிக்க பாஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சனுக்கு 1975-இல் கைவினைஞர் கார்ல் தாம்சன் முதல் கருவியைச் செய்து கொடுத்தார். அதோடு ஜாக்சன் நின்றுவிடவில்லை. மற்ற கைவினைஞர்களிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, கடைசியில் ஃபோடெரா நிறுவனத்தின் 36 அங்குலக் கருவியில் வந்து நின்றார். ஆகவே பழைய நான்கு தந்தியை விற்றுவிடாதே. புதியது பழகும்வரை அதுதான் உனக்குச் சோறு போடும்.

பிரிட்ஜில் தந்திகளுக்கு இடையே 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி கேள். குறைந்தால் வலது கை விரல் பக்கத்துத் தந்தியில் இடிக்கும்.

மேடைஒலி எழுதியது:

நான் வாசிப்பவன் அல்லன். மிக்சருக்குப் பின்னால் உட்காருபவன். அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

ஏழு கட்டைத் தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். மூன்று கட்டைத் தந்தியினுடையது 41. நம்மூர் மேடைகளில் வாடகைக்கு வரும் பெட்டிகளில் பல, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தருவதில்லை. கேட்பவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் 62, 93 ஹெர்ட்ஸ் ஆகிய மேலதிர்வுகள்தான். ஆதார சுரத்தை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. எனவே அடி ஒலியை அள்ளித் தரும் பிக்கப்பைத் தேடுவதை விட, நடு ஒலி தெளிவாக இருக்கும் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டுக்கும் கிக் டிரம்முக்கும் நடுவே உங்கள் பாஸ் தனித்துத் தெரிவது அந்த நடு ஒலியால்தான். சிறிய மிக்சர்களில் ஒவ்வொரு சேனலிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் ஒன்று இருக்கும். முந்தைய நிகழ்ச்சியில் மைக்குக்காக அழுத்தியதை எடுக்காமலே பாஸைச் செருகிவிடுவார்கள். லட்ச ரூபாய் கருவியும் அப்போது தகர டப்பா போல் ஒலிக்கும். சவுண்ட் செக்கின்போது அந்தப் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹம்பக்கர் என்பது நல்ல முடிவு. ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் மங்கலாக்கும் டிம்மர்களும் ஒன்றாக இருக்கும் மேடையில் சிங்கிள் காயில் பிக்கப் இரைந்துகொண்டே இருக்கும். எந்தப் பிக்கப் என்றாலும், சர்க்யூட் அமரும் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

ஆக்டிவ் சர்க்யூட்டில் ஒரு நிபந்தனை: பேட்டரி தீர்ந்தாலும் வாசிக்கும்படி பாஸிவுக்கு மாற்றும் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். பெரும்பாலான ஆக்டிவ் பாஸ்களில் கேபிளைச் செருகியதும் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். இடைவேளையில் கேபிளைக் கழற்றாமல் சாப்பிடப் போகிறவர்களின் பேட்டரிதான் உச்சக்கட்டப் பாடலில் உயிரை விடுகிறது. 18 வோல்ட்டுக்கு இரண்டு பேட்டரிகள் வேண்டும். உங்கள் மேடைகளுக்கு 9 வோல்ட்டே போதும் என்பது என் எண்ணம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் தந்தியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அது கருவியின் குறை அன்று, மேடையின் எர்த் குறை. இரைச்சல் நிற்கும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை முறிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. இரைச்சலைத் தவிர்க்க, கருவியை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சைப் பயன்படுத்துங்கள். எர்த் பின்னைத் தொடாதீர்கள்.

மூன்றுகட்டை எழுதியது (பதினொரு மாதங்களுக்குப் பின்):

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், கருவி கைக்கு வந்து ஏழு கச்சேரிகளாவது வாசித்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

பிளைவுட் சோதனையை முதலில் செய்தேன். என் பழைய வரைபடம் பத்தே நிமிடங்களில் தரையைப் பார்த்தது. மேல் கொம்பை மூன்று முறை மாற்றி வெட்டிய பிறகே நேராக நின்றது. இப்போது பொத்தான் பன்னிரண்டாம் பிரெட்டுக்குச் சரியாக நேரே இருக்கிறது. உடல் குடைந்த மகோகனி. முகப்பு தாத்தா வீட்டுத் தேக்கு. உத்திரத்திலிருந்து மூன்று முறிந்த ஆணிகள் கிடைத்தன. 34 அங்குலம், 18 மில்லிமீட்டர் இடைவெளி, 9 வோல்ட், பாஸிவ் ஸ்விட்ச். மொத்த எடை 4.1 கிலோ. தோள் வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடித் திருவிழாவில் ஐந்து மணி நேரம் வாசித்துவிட்டு மறுநாள் காலையில் கையைத் தூக்கித் தலை வார முடிந்தது.

யாரும் எனக்கு எச்சரிக்காத சிக்கல் ஒன்று இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக மேலே இருக்கும் முதல் தந்தி மூன்று கட்டை என்று பழகிய கை, முதல் இரண்டு கச்சேரிகளில் ஏழு கட்டைத் தந்தியைத் தட்டிக்கொண்டே இருந்தது. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வாசிக்காதபோது அந்தத் தந்தி தானாக அதிர்ந்து மேடை முழுவதும் உறுமுவது இன்னொரு தொல்லை. இப்போது வலது கைக் கட்டைவிரலை பிக்கப்பின் மேல் நிலையாக வைக்காமல், எந்தத் தந்தியில் வாசிக்கிறேனோ அதற்கு மேலுள்ள தந்திகளை அழுத்திக்கொண்டு நகரும்படி பழகி வருகிறேன். தாழ்சுரம் அண்ணா சொன்னபடி பழைய கருவியை விற்காதது நல்லதாயிற்று; அந்த மாதங்களில் திருமண நிகழ்ச்சிகளுக்கு அதையே எடுத்துச் சென்றேன்.

ஒலி பற்றி மேடைஒலி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. முதல் மேடையிலேயே அந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது.

வடிவமைப்பில் நான் செய்த தவறு ஒன்றுதான். வால்யூம் குமிழைக் கடைசித் தந்திக்கு மிக அருகில் வைத்துவிட்டேன். வேகமான பாடல்களில் சுண்டுவிரல் பட்டு ஒலி குறைந்துவிடுகிறது. அதை இரண்டு அங்குலம் பின்னால் நகர்த்த வேண்டும். இழைப்புளி ஐயா, பழைய துளையைத் தேக்குத் துண்டால் அடைத்தால் மேற்பூச்சுக்குப் பிறகு வட்டமாகத் தெரியுமா, அல்லது அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடிவிடுவதே மேலா?

இழைப்புளி எழுதியது:

வட்டமாகத் தெரியத்தான் செய்யும். அதே உத்திரத்தில் மிச்சமிருக்கும் துண்டிலிருந்து ரேகையோட்டம் பொருந்தும்படி முளை வெட்டி அடைத்தால் மூன்றடி தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. குழியின் செப்புத் தாளையும் அப்படியே புதிய துளை வரை நீட்டிவிடச் சொல்லுங்கள். குமிழை நகர்த்துபவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.