[சொல்லாக்கம்] டொலோரெஸ், பிலார், மெர்செதெஸ்: இந்த வகைப் பெயருக்குத் தமிழில் என்ன சொல்?

எழுதியவர்: படிதிருத்தி

குழுவினருக்கு வணக்கம். பல நாட்டுப் பெயர்வழக்குகள் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். ஸ்பெயின் அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். திங்கட்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

சிக்கல் இதுதான். டொலோர் என்றால் ஸ்பானிய மொழியில் வலி, துயரம். டொலோரெஸ் அதன் பன்மை. பெண் குழந்தைக்கு 'மரீயா தெ லோஸ் டொலோரெஸ்' என்று வைப்பார்கள். துயரங்களின் மரியா, அதாவது நம் வியாகுல மாதா. காலப்போக்கில் மரியா உதிர்ந்து டொலோரெஸ் மட்டும் நிற்கும். வீட்டில் கூப்பிடுவது லோலா. பிலார் (சரகோசாவில் தூணின் மேல் நிற்கும் மாதா), மெர்செதெஸ் (இரக்கங்கள்), சோலெதாத் (தனிமை), கொன்சுவெலோ (ஆறுதல்) எல்லாம் இதே வகை. மாதாவுக்குரிய இத்தகைய சிறப்புப் பெயரை அவர்கள் 'அட்வொகசியோன்' என்கிறார்கள். அதிலிருந்து பிறந்த ஆட்பெயருக்கு எனக்கு ஒரே சொல் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை வரி விளக்கம் எழுத முடியாது. இப்போதைக்குப் 'பட்டப்பெயர்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

எழுதியவர்: நெய்தல்

அக்கா, பட்டப்பெயரை உடனே எடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் பட்டப்பெயர் என்றால் கட்டையன், நெட்டையன் வகையறா. மாதாவுக்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.

இந்த வழக்கம் நமக்குப் புதிதா என்ன? சொகோர்ரோ என்பவள் எங்கள் ஊர் சகாயமேரி. ரொசாரியோ செபமாலைமேரி. இன்மகுலாதா அமலோற்பவம். நியெவெஸ் என்றால் பனி. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5, ஸ்பெயினில் நியெவெஸ்களுக்குப் பெயர்விழாவும் (அவரவர் பெயருக்குரிய திருநாள்) அன்றைக்குத்தான். மேரி உதிர்வதுகூட அப்படியே. அமலோற்பவம் டீச்சரை யாரும் மேரியோடு சேர்த்துக் கூப்பிட்டதில்லை. கோவில் வாசலில் கேட்டால் 'அது மாதா பெயரு' என்பார்கள். அதையே போடுங்கள்: மாதா பெயர்.

எழுதியவர்: பழந்தமிழன்

அன்பர்களே, புதுச்சொல் எதற்கு? நம் இலக்கணிகள் இதற்கு என்றோ பெயர் வைத்துவிட்டார்கள்: ஆகுபெயர்.

துயரம் என்ற பண்பின் பெயர் முதலில் அதை உடைய அன்னைக்கு ஆகிறது. பிறகு அன்னையின் பெயர் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு ஆகிறது. ஆக, டொலோரெஸ் இருமடியாகுபெயர். கார் என்ற நிறப்பெயர் மேகத்துக்கும், மேகத்திலிருந்து பருவத்துக்கும், பருவத்திலிருந்து பயிருக்கும் போவதை மும்மடி என்போமே, அந்த வழி. மெர்செதெஸ் இன்னும் சுவையானது. எமில் யெல்லினெக் என்ற வணிகர் தம் மகளை வீட்டில் அழைத்த பெயரை டைம்லர் நிறுவனத்தின் மோட்டார் வண்டிக்கு வைத்தார். 1902இல் அது வணிகக்குறியாகப் பதிவானது. இரக்கம், அன்னை, சிறுமி, வண்டி. இந்தக் காரும் மும்மடியாகுபெயரே!

பால் மயக்கத்தையும் கவனியுங்கள். டொலோர், பிலார், ரொசாரியோ மூன்றும் ஸ்பானிய இலக்கணத்தில் ஆண்பாற்சொற்கள். பெயராக நிற்பது பெண்ணுக்கு. டொலோரெஸ் பன்மை வேறு. நம் கணக்கில் சொன்னால் அஃறிணைப் பலவின்பால் உயர்திணைப் பெண்பாலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியர் பார்த்திருந்தால் ஒரு நூற்பா கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

எழுதியவர்: வேர்ச்சொல்

மாதா வடசொல். தமிழ்நூலில் அன்னை இருக்க மாதா ஏன்? அட்வொகசியோனின் மூலம் இலத்தீன் 'அத்வொகாரெ', அருகே அழைத்தல். எனவே விளிப்பெயர் என்பதே நேர்த்தமிழ். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொலோர் என்பதை இலத்தீன் என்று சும்மா விட்டுவிடக் கூடாது. தொல்லை என்ற நம் சொல்லோடு வைத்துப் பாருங்கள். தொல்லை, தொலோ, தொலோர். மேலும் மூன்று மடல்களில் விரிக்கிறேன்.

எழுதியவர்: படிதிருத்தி

ஐயா, விரிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். தொல்லைக்கு மூத்த பொருள் பழமை. 'தொல்லைக்கண் நின்றார் தொடர்பு' என்று குறளே சொல்கிறது. துன்பம் என்ற பொருள் பின்னால் ஏறியது. விளி எட்டாம் வேற்றுமையில் ஏற்கெனவே வேலையாக இருக்கிறது. விளிப்பெயர் என்று போட்டால் மாணவர்கள் 'டொலோரெஸே!' என்று எழுதுவார்கள்.

பழந்தமிழன் ஐயா, இருமடியாகுபெயர் சரிதான், அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் மரியா எங்கே? வேறு ஆயிரம் சொற்களுக்கும் அது பொருந்துமே.

எழுதியவர்: செங்கதிர்

தோழர்களே, இத்தனை மடல் போயும் யாரும் டொலோரெஸ் இபார்ரூரியைச் சொல்லாதது வியப்பு. 1895இல் பாஸ்க் நாட்டுச் சுரங்கப் பகுதியில், கயார்த்தாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் வெடித்த 1936 ஜூலையில் வானொலியில் 'நோ பசரான்', அவர்கள் நுழைய முடியாது என்று முழங்கியவர். 1918இல் சுரங்கத் தொழிலாளர் பத்திரிகைக்கு எழுதிய முதல் கட்டுரை புனித வாரத்தில் வந்ததால் 'லா பசியோனாரியா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். இயேசுவின் பாடுகளை நினைவூட்டும் பூவின் பெயர் அது. இயற்பெயர் மாதாவின் துயரம், புனைபெயர் மகனின் பாடு, ஆளோ கம்யூனிஸ்ட். ஆகையால் நேர்ச்சைப் பெயர், பக்திப் பெயர் என்று யாராவது கிளம்பினால் இப்போதே எதிர்க்கிறேன். வைத்தவருக்குப் பக்தி இருந்திருக்கலாம், சுமக்கிறவருக்கு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எழுதியவர்: மத்ரீத்வாசி

இங்கே நடைமுறை என்ன என்று ஒரு வார்த்தை. ஸ்பெயினின் புள்ளியியல் நிறுவனம் ஒவ்வொரு பெயருக்கும் அதை உடையவர்களின் சராசரி வயதையும் வெளியிடுகிறது. மரீயா டொலோரெஸ்களின் சராசரி அறுபதைச் சுற்றி நிற்கிறது. மொத்த மக்கள்தொகையில் இன்னும் அதிகம் காணப்படும் பெண்பெயர்களில் அது ஒன்று. ஆனால் பிரசவ வார்டில் தேடினால் கிடைக்காது. அங்கே லுசீயாக்கள்தான். பெண்ணுக்குத் துயரம் என்றா பெயர் வைப்பது என்று இளம் தாய்மார் கேட்கிறார்கள். நியாயந்தானே.

வேடிக்கை என்னவென்றால் லோலா பிழைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் தனிப்பெயராக நிலைபெறாத வீட்டுச் சுருக்கங்களைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் இடம் தரவில்லை. வாயில் லோலா, தாளில் மரீயா டொலோரெஸ். 2007இல் வந்த பாலின அடையாளச் சட்டம் போகிறபோக்கில் அந்தத் தடையையும் நீக்கியது. இப்போது நேரடியாகவே லோலா என்று பதிகிறார்கள். அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்குக் குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய வெள்ளி தங்கள் பெயர்விழா என்று தெரியும்?

அன்னைப் பெயர் கேட்டவருக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர். வழக்கமாக முதலாவது தந்தை வழி, அடுத்தது தாய் வழி. ஸ்பெயின் அத்தியாயத்தில் 'அன்னைப் பெயர்' என்று அச்சிட்டால் வாசகர் அம்மாவின் குடும்பப்பெயரைத்தான் நினைப்பார்.

எழுதியவர்: நெய்தல்

அதைத்தான் சொல்ல வந்தேன், அண்ணாச்சி முந்திவிட்டார். மாதா வடசொல்லாகவே இருக்கட்டும், எங்கள் பக்கம் மாதா என்றால் ஒருவர்தான். பெற்றவளை யாரும் மாதா என்று கூப்பிடுவதில்லை. குழப்பமே வராது.

எழுதியவர்: பழந்தமிழன்

ஒரு மாற்று: விருதுப்பெயர். கல்வெட்டுகளில் அரசர்கள் தாங்கும் சிறப்புப் பெயர்களை அப்படித்தான் வழங்குகிறோம். விண்ணரசிக்கும் பொருந்தும். வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்றும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா என்றும் அழைத்தாரே, அவை விருதுகள் அல்லவா? சிலைக்குச் சேலை கட்டியது போல மாதாவின் பெயருக்கும் தமிழ் உடுத்திய மனிதர். அவர் இருந்திருந்தால் இந்த இழை இவ்வளவு நீண்டிருக்காது.

எழுதியவர்: நெய்தல்

நீண்டிருக்கும் ஐயா, அவரும் அகராதிக்காரர்தானே. விருது இன்றைக்கு மேடையில் கொடுக்கும் கேடயம் ஆகிவிட்டது. தவிர, குவாதலூப்பே, மொன்செர்ராத் எல்லாம் ஊரும் மலையும். விருது இல்லை. எங்கள் பக்கம் வேளாங்கண்ணி என்று ஆள் இருப்பதுபோல. மாதா பெயரில் அவையும் அடங்கும்.

எழுதியவர்: வேர்ச்சொல்

மாதாப் பெயர் என்று வலி மிக வேண்டாமா? குறைந்தபட்சம் அதையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

எழுதியவர்: படிதிருத்தி

எல்லாருக்கும் நன்றி. 'மாதா பெயர்' என்றே போகிறேன், ஒற்று இல்லாமல், மாதா கோவில் போல. முதல் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பு வரும். அதில் விருதுப்பெயரும் இருமடியாகுபெயரும் இடம்பெறும், பழந்தமிழன் ஐயா மனம் கோணக் கூடாது. விளிப்பெயர் வராது. ஆதரவு என்று எழுதியவர்களைவிட 'ஏதோ ஒன்று போடுங்கள்' என்று தனிமடல் அனுப்பியவர்களே அதிகம்.

லோலா, பிரான்சிஸ்கோவுக்குப் பாகோ, ஹொசேக்குப் பெப்பே ஆகியவற்றுக்குச் 'செல்லப்பெயர்' என்று போட்டாயிற்று. அதற்குத் தனி இழை தேவையில்லை.

எழுதியவர்: பழந்தமிழன்

செல்லப்பெயர் தவறு. வண்டிக்காரரும் வங்கி அதிகாரியும் பாகோ என்று அழைக்கிறபோது செல்லம் எங்கே வந்தது? தஞ்சாவூர் தஞ்சை ஆனது எப்படியோ அப்படி. மரூஉப் பெயர் என்க. பெப்பே அதிலும் அடங்காது என்பது என் கருத்து. காரணத்தைத் தனி இழையில் எழுதுகிறேன்.