ப்ளூ-ரே பிளேயர் நெட் எடுக்கவில்லை, அவசரம்

கூடல்வாசி:
வணக்கம். பிளேயர் நெட் எடுக்கவில்லை. போன், லேப்டாப் எல்லாம் எடுக்கிறது. ரெண்டு தடவை ரீசெட் செய்தாச்சு. புது டிஸ்க் போட்டால் அப்டேட் கேட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. ராத்திரி மாமா குடும்பம் படம் பார்க்க வருகிறது. யாராவது சொல்லுங்கள்.

சும்மா ஒருவன்:
எந்த மாடல்? வயரா, வைஃபையா? ரீசெட் செய்தது ரவுட்டரையா, பிளேயரையா?

குட்டித் தம்பி:
டிஎன்எஸ்ஸில், அதுதான் தளப் பெயரைத் தேடித் தரும் சர்வர், கூகுளின் 8.8.8.8 போடுங்கள் அண்ணா. எங்கள் வீட்டில் எது நின்றாலும் அதுதான் மருந்து.

மின்னல்:
பழைய பிளேயர் என்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் பிடிக்கும். ரவுட்டரில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் இருந்தாலும் சேராது, டபிள்யூபிஏ2 வையுங்கள்.

பெரியவர் 66:
வாரம் ஒருவர் இப்படி வந்து நிற்கிறார். மெனுவில் நெட்வொர்க் டெஸ்ட் என்று ஒன்று இருக்குமே, அழுத்திப் பார்க்கக்கூடவா ஆள் வேண்டும்?

கூடல்வாசி:
மன்னிக்கணும் ஐயா. வைஃபைதான். ரீசெட் செய்தது ரவுட்டரை. 2012இல் வாங்கியது, ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. டெஸ்டில் வைஃபை ஓகே, இன்டர்நெட் இல்லை என்கிறது. போன வாரம் ஃபைபர் போட்டு ரவுட்டர் மாறியது. ஆனால் பெயரும் பாஸ்வேர்டும் பழையதேதான், அதனால் அது காரணமாக இருக்காது.

சும்மா ஒருவன்:
அதை இப்போதுதான் சொல்கிறீர்கள்! பிளேயரில் ஐபி (நெட்வொர்க் முகவரி) என்ன, போனில் என்ன?

பாலா:
இந்தக் காலத்தில் டிஸ்க்கா? ஓடிடியில் பார்த்துவிட்டுப் போங்களேன்.

பெரியவர் 66:
ரெண்டு அடுக்கு ப்ளூ-ரே 50 ஜிபி. வீடியோ மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகும். ஓடிடியில் இருட்டுக் காட்சி வந்தால் திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்ததே இல்லையா?

பாலா:
ஹெச்இவிசி என்ற புது வீடியோ முறையில் சுருக்கினால் பாதி பிட்ரேட் போதும். வெறும் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள்.

பெரியவர் 66:
கண் இருப்பவர்கள் ஒப்பிடட்டும்.

கூடல்வாசி:
பிளேயரில் 192.168.1.50. போனில் 192.168.0.7.

சும்மா ஒருவன்:
அகப்பட்டது. பிளேயரில் ஐபியை யாரோ கையால் போட்டிருக்கிறார்கள், அது பழைய ரவுட்டரின் வரிசை. பெயரும் பாஸ்வேர்டும் அதேதான் என்பதால் வைஃபை சேர்ந்துவிடுகிறது. அப்புறம் 192.168.1.1 என்ற பழைய ரவுட்டரின் முகவரியைத் தேடுகிறது, அங்கே யாரும் இல்லை. செட்டிங்கில் ஐபியை ஆட்டோ ஆக்குங்கள், புது ரவுட்டரே முகவரி கொடுத்துவிடும். முன்பு எப்போதாவது டிஎன்எஸ் மாற்றினீர்களா? சில பிளேயர்களில் அதற்காக ஐபியையும் கையால் போட வேண்டியிருக்கும்.

கூடல்வாசி:
ஆமாம், ரெண்டு வருஷம் முன்னால் ஒருவர் 8.8.8.8 போடச் சொன்னார்.

குட்டித் தம்பி:
அது நான் இல்லை.

மின்னல்:
நெட்டில் அப்டேட் வராவிட்டால் கம்பெனி தளத்தில் இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டுச் செருகுங்கள். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் மாடல் எண் கேட்டோம்.

கூடல்வாசி:
ஆட்டோ போட்டேன், இறங்குகிறது. 34 சதவீதம். மாமா வந்துவிட்டார், அப்புறம் வருகிறேன்.

சும்மா ஒருவன்:
நாலு நாளாச்சு. படம் ஓடியதா?

பெரியவர் 66:
மாடல் எண்ணே இன்னும் வரவில்லை.