ம.பொ.சி.யைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள், படித்தவர்கள்: உங்கள் அனுபவம்?

நூலகப் பூச்சி:
அரசியல் பத்திரிகை நடத்தி, அப்புறம் சட்டமன்றப் பதவிக்குப் போய், கூடவே நாட்டு வரலாற்றையும் எழுதியவர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ம.பொ.சிவஞானம்தான். 1906-இல் சென்னையில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. 'செங்கோல்' இதழின் ஆசிரியர், தமிழகச் சட்டமன்றத்தின் இரண்டாம் அவையாக இருந்த மேலவையின் கடைசித் தலைவர். 1995-இல் அவர் காலமானபோது நான் கைக்குழந்தை. நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன். புகழுரை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

பழைய கம்பாசிட்டர்:
நான் திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். கூலி போதவில்லை என்று முணுமுணுத்தால் எங்கள் மேஸ்திரி, "ம.பொ.சி.யும் கம்பாசிட்டர்தான்டா, உன்னை மாதிரி புலம்பிக்கிட்டா இருந்தாரு?" என்பார். உண்மைதான். வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகையில் அச்சுக் கோத்தவர் அவர்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஸ்டிக்கில், அதாவது எழுத்தை அடுக்கும் கைச்சட்டத்தில், எழுத்து தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் நிற்கும். 'கொ' என்று வந்தால் கொம்பு, க, கால் என்று மூன்றையும் தனித்தனியாகப் பெட்டியிலிருந்து பொறுக்க வேண்டும். அடுத்தவர் எழுதிய கட்டுரையை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் படிக்கிற வேலை இது. மூன்றாம் வகுப்போடு நின்றவருக்குத் தமிழ் எங்கே வாய்த்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவர் வாக்கியங்கள் சின்னதாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஒரு சிலப்பதிகாரக் கூட்டத்தில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பெரிய மீசை, தோளில் துண்டு. கையில் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மதுரைக் காண்டத்தை ஏதோ நேற்றைய கோர்ட் செய்தி மாதிரி சொல்லிக்கொண்டு போனார். 'சிலம்புச் செல்வர்' என்று ரா.பி.சேதுப்பிள்ளை பட்டம் கொடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

திருத்தணிக்காரன்:
எங்கள் வீட்டு நிலப் பத்திரங்களில் சில தெலுங்கில் இருக்கின்றன. எங்கள் ஊர் அப்போது சித்தூர் மாவட்டம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். 1960 ஏப்ரல் 1-இல்தான் திரும்பி வந்தோம். திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தில் மறியலுக்குப் போன தாத்தா சாகும்வரை ம.பொ.சி.யை 'ஐயா' என்றுதான் சொன்னார். "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று, ஆந்திரர்கள் உரிமை கோரிய மெட்ராஸுக்காக அவர் போட்ட முழக்கத்தைச் சொல்லும்போது தாத்தாவின் குரலே மாறிவிடும். ஆனால் திருப்பதி வரவில்லை என்ற மனக்குறை அவருக்குத் தீரவே இல்லை.

இன்னொரு கோபமும் உண்டு. திராவிட நாடு பிரிவினையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர், 1967-இல் தி.மு.க. கூட்டணியில் தியாகராய நகரில் நின்று ஜெயித்தார். தாத்தா கொஞ்ச காலம் 'செங்கோல்' வாங்குவதையே நிறுத்திவிட்டாராம். அந்தச் சட்டமன்றத்தில்தான் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் வந்தது. அப்புறம் மறுபடி வாங்க ஆரம்பித்தார் என்று பாட்டி சொல்வார்.

வாத்தியார், மதுரை:
தம்பி, மேலவை என்றால் என்ன என்றே இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதி, பட்டதாரிகளுக்கு ஒன்று, உள்ளாட்சிக்காரர்களுக்கு ஒன்று. நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் தொகுதி உறுப்பினர் வாங்கித் தந்த பாஸில் கோட்டைக்குப் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்ததும் உண்டு. 1978 முதல் ம.பொ.சி.தான் தலைவர், அதற்கு முன் துணைத் தலைவர்.

மேடையில் சிங்கம் மாதிரி பேசியவர், அந்த நாற்காலியில் பெரும்பாலும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது ஏமாற்றம்தான். கூட வந்த நண்பர் மட்டும், "வாழ்நாள் முழுக்கப் பேசினவர் இப்ப மத்தவங்களைப் பேசவிடுறார், அதைப் பாருய்யா" என்றார்.

1986 நவம்பர் 1-இல் மேலவையே இல்லாமல் போனது. ஒரு நடிகையின் வேட்புமனுச் சிக்கல்தான் காரணம் என்று அப்போது பேசாத டீக்கடை இல்லை. 2010-இல் மறுபடி கொண்டுவரத் தீர்மானம் போட்டார்கள், ஆட்சி மாறியதும் அதுவும் போயிற்று. மேலவை வெறும் அலங்காரம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட விஷயத்தைப் பேச எங்களுக்கென்று இருந்த ஒரே வாசலும் அதோடு அடைபட்டது.

ஆய்வு மாணவி:
அவர் நூல்கள் 2006-இல் நாட்டுடைமையானதால் என் மாதிரி ஆட்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கின்றன. 'விடுதலைப் போரில் தமிழகம்' படிக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இதை எழுதியவர் ஓரமாக நின்று பார்த்தவர் இல்லை. 1942-இல் கைதாகி அமராவதிச் சிறையில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர். எல்லைப் போராட்டத்திலோ அவர்தான் தளபதி. ஆகவே தன் தரப்புக்குக் கொஞ்சம் கூடுதல் பக்கம் ஒதுக்கத்தான் செய்வார். கட்டபொம்மன் விஷயத்திலும் அவர் எழுத்து ஒரு வழக்கறிஞரின் வாதம் மாதிரிதான் எனக்குப் படுகிறது. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று எழுதியவர்களும் இருந்தார்களே. இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு படிப்பதே நல்லது.

அதே சமயம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதி அலமாரியில் வைத்த காலத்தில், வ.உ.சி. யார் என்று சாதாரண வாசகருக்குத் தமிழில் சொன்னவர் இவர். வ.உ.சி. மறைந்தது 1936-இல். 'கப்பலோட்டிய தமிழன்' நூல் வந்தது நாற்பதுகளில். 1961-இல் வந்த படத்துக்கும் அதுதான் அடிப்படை.

நூலகப் பூச்சி:
அக்கா, எதிலிருந்து தொடங்கலாம்?

ஆய்வு மாணவி:
'எனது போராட்டம்'. அவர் தன்வரலாறு. தடிமனைப் பார்த்துப் பயப்படாதே, பத்திரிகைக்காரர் நடை, ஓடிவிடும். அப்புறம் திருத்தணிக்கார அண்ணா, அந்தத் தெலுங்குப் பத்திரங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர், சர்வே எண்ணை மறைத்துவிட்டால் போதும்.

திருத்தணிக்காரன்:
அத்தை பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது கேட்டுப் பார்க்கிறேன். கொடுப்பாரா என்பது வேறு கதை.