பொருள்: ஸ்டேஷன் வளைவு – தலைக்குப் பத்தாயிரம்

மஸ்கட், வடக்குவிளை வீட்டு இளையவன் எழுதியது:

தலைவர் மாமாவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

நம் பழைய ரயில் ஸ்டேஷன் நினைவாக வளைவு கட்ட ஆளுக்குப் பத்தாயிரம் கேட்டு ஊர்ச் சங்கம் சார்பில் நீங்கள் அனுப்பிய மடல் கிடைத்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு சேதி. சித்தி கோயில் கொடைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தாள். ஸ்டேஷன் இருந்த இடத்தில் இப்போது வெறும் செம்மண்தானாம். இரட்டைப் பாதைக்காக மேட்டை அகலப்படுத்தியதில் டிக்கெட் அறை, ஓட்டுச் சாய்ப்பு, சிமெண்ட் பெஞ்சு எல்லாம் போய்விட்டன. பெயர்ப்பலகை மட்டும் சரிந்து கிடக்கிறது. அதில் யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள். யார் ஆடு என்றும் சித்தி சொன்னாள், இங்கே எழுத வேண்டாம்.

அது ஒன்றும் அரண்மனை இல்லை, தெரியும். ஆனால் திருவனந்தபுரம் தம்பானூருக்கு 1931-லேயே ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே நம் குமரிப் பக்கம் வர 1979 ஏப்ரல் ஆனது. திருநெல்வேலிப் பக்கம் லைன் சேர இன்னும் இரண்டு வருஷம். அதனால்தான் பெரியவர்களுக்கு அந்த ஒற்றை அறைமேல் அவ்வளவு பிரியம்.

என் சந்தேகம் இதுதான். பழைய ஸ்டேஷன் முகப்பு மாதிரியே வளைவு, 4.5 லட்சம் என்கிறீர்கள். எங்கே வைப்பதாக உத்தேசம்? ரயில்வே நிலம் என்றால் கோட்ட அலுவலக அனுமதி இல்லாமல் ஒரு கல் நட முடியாது. பஞ்சாயத்து ரோடு என்றால் அங்கேயும் கேட்க வேண்டும். யாராவது கேட்டீர்களா, இல்லை கொத்தனாரிடம் மட்டும் பேசினீர்களா?

பெங்களூர், தெக்குத்தெரு அத்தான் எழுதியது:

தம்பி கேட்டது சரி, ஆனால் பாதிக் கேள்விதான். குளத்துப் படித்துறைக்கு வாங்கிய பணத்தில் மிச்சம் எங்கே? அறிக்கையில் ‘கையிருப்பு’ என்று ஒரே வரி. யார் கையில்? 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவுபெற்ற சங்கம் வருஷா வருஷம் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அந்த நகலை இங்கே போடுங்கள். அன்றைக்கே என் பங்கு வந்து சேரும்.

லண்டன், சிட்னி பிள்ளைகள் அவசரப்பட வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும்தான். அதை வாங்கச் சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். நமக்கு இருப்பது தக்கலையில் ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் கையெழுத்துப் போடும் மூவரில் ஒருவர் இறந்து திவசமும் முடிந்துவிட்டது, இன்னும் பெயரை மாற்றவில்லை.

ஷார்ஜா, மேலவீட்டு மூத்தவர் எழுதியது:

அத்தானுக்கு எதற்கெடுத்தாலும் கணக்கு. உங்கள் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் அப்பா லாரி அனுப்பினாரே, அதற்கு ரசீது கேட்டீர்களா?

ஊர் என்று இருந்தால் ஒரு அடையாளம் வேண்டாமா? தனுஷ்கோடி ஸ்டேஷனை 1964 டிசம்பர் புயல் தின்றது. இன்றைக்கும் இடிந்த சுவரைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நமக்குச் சுவர்கூட மிஞ்சவில்லை. பக்கத்து ஊர்க்காரன் திருவிழாவுக்குத் திருவிழா வளைவு கட்டுகிறான், நாம் அனுமதி, பதிவாளர், டெல்லி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கட்டினால் ஒரு நிபந்தனை. லைனுக்கு நிலம் கொடுத்தவர்கள் பெயர் கல்லில் வர வேண்டும். எங்கள் தாத்தா மறுபேச்சில்லாமல் விளையை விட்டுக்கொடுத்தார். கோர்ட்டுக்குப் போய் நஷ்டஈட்டைக் கூட்டி வாங்கியவர்கள் யார் என்பது ஊரறிந்தது. அவர்கள் பெயரும் அதே கல்லில் என்றால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பைசா வராது.

தம்மாம், போஸ்ட்மேன் வீட்டு மூத்தவள் எழுதியது:

மேலவீட்டு அண்ணனுக்கு. கோர்ட்டுக்குப் போனது எங்கள் தாத்தாதான், ஒளிவு மறைவு இல்லை. சென்டுக்குப் போட்ட விலை ஒரு வருஷத் தேங்காய்க்குக்கூடக் காணாது. தீர்ப்பு வந்த பிறகு உங்கள் வீட்டிலும் அதே வக்கீலைத்தான் பிடித்தீர்கள். போகட்டும்.

டிக்கெட் கொடுத்த மாமாவை யாருமே நினைக்கவில்லையே. அவர் ரயில்வே ஊழியர் இல்லை. டிக்கெட் கட்டை முன்பணம் கட்டி வாங்கி வந்து கமிஷனுக்கு விற்றவர். தடித்த அட்டை டிக்கெட்டில் தேதி குத்தி, சில்லறையை எண்ணி எண்ணி வைப்பார். விற்பனை குறைந்தால் ஸ்டாப்பை எடுத்துவிடுவார்களே என்று மழைக்காலத்தில் எங்கள் அப்பா ஊர் போகாமலே டிக்கெட் வாங்குவார். அம்மா திட்டுவாள். மீன்கூடைக்காரிகள், காலேஜ் பிள்ளைகள், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள் என்று காலை வண்டி ஏற ஒரு கூட்டம் எப்போதும் இருந்தது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் அப்பா காசு போட்டார். ஓட்டுச் சாய்ப்புக்காக இல்லை.

2020 மார்ச்சில் வண்டிகள் நின்றன. மறுபடி ஓடியபோது பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் என்றார்கள், 10 ரூபாய் டிக்கெட் 30 ஆனது. 2024 பிப்ரவரியில் கட்டணமாவது பழையபடி இறங்கியது. நம் ஊரில் காலை வண்டி நிற்பது மட்டும் திரும்பி வரவில்லை. கட்டிடம் போவதற்கு முன்னாலேயே ஸ்டேஷன் போய்விட்டது. அப்போது இந்தக் குழுவில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அம்மா திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக விடியுமுன் குழித்துறைக்கு ஆட்டோ பிடிக்கிறாள். வீட்டுக்கு வீடு விசாரித்தால் இப்படி இன்னும் பத்துப் பேர் இருப்பார்கள்.

வளைவுக்கு நான் தர மாட்டேன். ஸ்டாப் கேட்டுக் கோட்ட மேலாளருக்கும் எம்.பி.க்கும் மனு கொடுக்க, கையெழுத்து வாங்க ஆள் வைக்க, ஸ்டாப் கிடைத்தால் முதல் வருஷம் சீசன் டிக்கெட் வாங்கிக் கொடுக்க, இதற்கென்றால் இருபதாயிரம் தருகிறேன். அத்தான் சொல்கிற கணக்கு வந்த பிறகுதான்.

தலைவர் மாமா, மனுவை நானே எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். கையெழுத்தில் முதல் இடம் மேலவீட்டு அண்ணனுக்கு விட்டு வையுங்கள். இரண்டாவதாகப் போடச் சொன்னால் அதற்கும் கோபித்துக்கொள்வார்.