புதுப்பிப்பு: கோடை ஆராய்ச்சியின் முதல் வாரம், ஒரு திருத்தம்

பேராசிரியரோடு 10 வாரக் கோடை ஆராய்ச்சிக்குப் போகும் இளநிலை மாணவர்கள் முதல் 2 வாரம் கட்டுரைகள் மட்டும் படிக்கலாம் என்று இந்த இழையில் எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். முதல் வாரமே கைவேலையில் இறங்குங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் அளவீட்டைத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் நல்ல தொடக்கம்.

ஆய்வகம் என்றால் மைக்ரோபிப்பெட்டிலிருந்து (கட்டைவிரலால் அழுத்தி விட்டு மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் கருவி) தொடங்கலாம். 100 மைக்ரோலிட்டர் வைத்து, தண்ணீரை 10 முறை தராசில் விட்டு எடையைக் குறியுங்கள். ஒவ்வொன்றும் 100 மில்லிகிராமை ஒட்டி வரவேண்டும். தொடர்ந்து குறைந்தால் பெரும்பாலும் அதன் நுனியில் செருகும் பிளாஸ்டிக் முனை இறுக்கமாகப் பொருந்தியிருக்காது. எண்கள் தாறுமாறாக வந்தால் கட்டைவிரலைச் சட்டென்று விடுகிறீர்கள், காற்றுக்குமிழும் சேர்ந்து ஏறுகிறது. இது இப்போது பிடிபடாவிட்டால் ஏழாவது வாரத்து வரைபடத்தில்தான் தலைகாட்டும். அப்போது திரும்பச் செய்ய நேரமே இருக்காது.

கோப்புப் பெயர் 2025-06-03 என ஆண்டில் தொடங்கட்டும், தானாக வரிசைப்படும். மூலத் தரவைத் தொடாதீர்கள், நகலில் திருத்துங்கள்.

வாரச் சந்திப்புக்கு ஒரு பக்கம் போதும்: செய்தது, கிடைத்தது, சிக்கியது. சிக்கியதை முதலில் சொல்லுங்கள். கடைசி 5 நிமிடத்துக்குத் தள்ளினால் பதில் அடுத்த வாரம்தான்.