வகுப்பு ஆன்லைனில், பரீட்சை நேரில்: அன்றைக்குப் பிள்ளையை யாரிடம் விட்டீர்கள்?

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
விவாகரத்தாகி நாலு வருஷம். மகள் இரண்டாம் வகுப்பு. நான் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். டேலி கணக்கு சாஃப்ட்வேர் தலைகீழாகத் தெரியும், ஆனால் படிப்பு பிளஸ் டூவோடு சரி. புதிதாக வந்த பி.காம். பையனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான். சம்பளம் அவனுக்கு அதிகம். அந்தக் கடுப்பில்தான் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்தேன்.

மகள் தூங்கினதும் ஒன்பதரைக்கு உட்காருவேன். படிப்பதில் பெரிய கஷ்டமில்லை, அசைன்மென்ட்டைக் கையால் எழுதுவதில்தான் விரல் போய்விடும். அதற்கு 30 சதவீதம். மீதி 70 பரீட்சைக்கு. பரீட்சையை மட்டும் வீட்டிலிருந்து எழுத முடியாது. சென்டருக்குப் போக வேண்டும், மூணு மணி நேரம்.

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு, மகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்த எதிர்வீட்டு அக்கா வந்து, சொந்தத்தில் சாவு, கிளம்புகிறேன் என்றார். சாவுக்குப் போகிறவரை என்ன சொல்ல? மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சென்டர் வாட்ச்மேன் அண்ணன், "நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்கம்மா" என்று தன் நாற்காலியையே போட்டுக் கொடுத்தார். ஆனால் நமக்கு மனசு நிற்குமா? ஒண்ணே முக்கால் மணி நேரத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். அவள் அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள முடிச்சிட்டியா, அம்மா?" என்றாள்.

அந்தப் பேப்பர் போய்விட்டது. நீங்கள் எல்லாம் அன்றைக்கு என்ன செய்கிறீர்கள்?

கோவை அப்பா:
பையன் என்னிடம் வளர்கிறான். தனியாக வளர்ப்பது என்றாலே அம்மா என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால் நானும் எழுதிவிடுகிறேன். சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிக்கிறேன். ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பும் இல்லை. நாலு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். உள்ளே போனபிறகு விளையாட்டில்லை. வாரா வாரம் அசைன்மென்ட், கெடு தாண்டினால் தாண்டினதுதான். அதோடு ஒரு டெர்முக்கு இரண்டு குவிஸ், ஒரு எண்ட் டெர்ம், மூன்றும் நேரில்.

கோர்ட் உத்தரவுப்படி பையன் மாதத்தில் இரண்டு ஞாயிறு அவன் அம்மாவிடம் போவான். குவிஸ் வந்து விழுந்ததோ என் ஞாயிறில். பிரிந்தபிறகு அவளிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. மெசேஜை மூன்று முறை எழுதி அழித்து, கடைசியில் "இந்த ஞாயிறு பரீட்சை, மாற்றிக்கொள்ளலாமா?" என்று மட்டும் அனுப்பினேன். "சரி. ஒன்பதுக்குக் கொண்டுவந்து விடு" என்று பதில் வந்தது. இப்போது டெர்ம் தொடங்கும்போதே தேர்வுத் தேதிகளை அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

மதுரை இனிஷியல்:
எனக்குப் பரீட்சை வரைக்கும் போகவே ஒரு வருஷம் ஆனது. மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் முன்னாள் கணவன் பெயர். இப்போது ஆன்லைனிலோ தொலைநிலையிலோ சேர, பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி வேண்டும். அதற்கு முன் ஏபிசி ஐடி, அதாவது நம் படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண். எல்லாம் ஆதாரில் உள்ள பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். விவாகரத்துத் தீர்ப்பு நகலை வைத்து ஆதாரை மாற்றினேன். ஆயுளுக்கு இரண்டு முறைதான் பெயர் மாற்ற விடுவார்கள், ஸ்பெல்லிங்கை மார்க் ஷீட்டோடு ஒத்துப்பார்த்துக் கொடுங்கள். நான் ஒரு 'எச்' விட்டுவிட்டு இரண்டாவது வாய்ப்பையும் செலவழித்தேன்.

இன்னொன்று. முதலில் ஒரு கன்சல்டன்சியில் முன்பணம் கட்டி ஏமாந்தேன். "பரீட்சைக்கே வர வேண்டாம் மேடம், ஒரே வருஷத்தில் டிகிரி" என்றார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்! அப்புறம்தான் யூஜிசியின் டெப் தளத்தில் தேடினேன், அவர்கள் சொன்ன பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை நடத்த அனுமதியே இல்லை. பணம் வரவில்லை.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
மதுரை அக்கா, எங்கள் ஆபீஸில் "தபால் டிகிரிதானே" என்று இழுத்தார்கள். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று யூஜிசி 2022-ல் சொன்னதை பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். சம்பளம் இன்னும் ஏறவில்லை, இழுப்பது நின்றது.

விட்ட பேப்பரை டிசம்பரில் எழுதினேன். மூணு வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை தருகிறார்கள், எனக்கு அதுதான் மூச்சு. ஒரு சீசனுக்கு இரண்டு பேப்பருக்கு மேல் இப்போது கட்டுவதில்லை. டிசம்பரில் மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பத்து மணிப் பேப்பர் பிரச்சினை இல்லை. இரண்டு மணிப் பேப்பருக்கு ஆட்டோக்கார அண்ணனிடம் சொல்லி, பள்ளி விட்டதும் நேராக சென்டருக்கே கொண்டுவந்து விடச் சொன்னேன். வாட்ச்மேன் அவளை அடையாளம் கண்டுகொண்டாராம். நான் ஐந்து மணி வரை உட்கார்ந்து எழுதினேன்.