உதவி தேவை: டாஷ்போர்டு முழுக்கப் பச்சை, பிள்ளைகளுக்கோ வாசிக்க வரவில்லை

மாலைமையம்26

வணக்கம். 3 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையங்கள், மொத்தம் 26. மையத்துக்கு ஒரு தன்னார்வலர், அவர்களுக்கு மேல் 4 கோஆர்டினேட்டர்கள். மாதாமாதம் கூகுள் ஃபார்மில் 41 இண்டிகேட்டர் (அளவீடு) வாங்குகிறோம். எக்ஸெல்லில் 80% தாண்டினால் பச்சை, 60 முதல் 80 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. டிசம்பர் ஷீட்டில் சிவப்பு இரண்டே கட்டம்தான்.

வருகை 86%. பெற்றோர் கூட்டம் 100%. கதை வாசிப்பவர்கள் ஜூனில் 38%, டிசம்பரில் 52%. ஆனால் இரண்டு மையங்களில் நேரில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால், "கதை" என்று குறித்திருந்த 11 பேரில் 5 பேர் பத்தியிலேயே திணறுகிறார்கள். சோதனை, பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் அசர் (ASER) கள ஆய்வின் தாளை ஒட்டியது: எழுத்து, சொல், பத்தி, கதை.

என் சந்தேகங்கள்: எந்த இண்டிகேட்டர்களை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது? வாசிப்பு எண்ணை நம்பலாமா? போர்டு மூன்றாண்டுத் திட்டம் கேட்கிறது. இப்போதைக்கு அதில் "தரமான கல்வி, 80% வெற்றி" என்று இருக்கிறது. போதாததற்கு, சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் தரும் கம்பெனி "இம்பாக்ட் அசெஸ்மெண்ட் (தாக்க மதிப்பீடு) கட்டாயம், நீங்களே செய்து தாருங்கள்" என்கிறது.

கணக்குநோட்டு

இண்டிகேட்டரை வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. 38% எத்தனை பேரில், 52% எத்தனை பேரில்? டிசம்பர் பட்டியலில் ஆகஸ்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்களா? ஜூனில் இருந்து டிசம்பரில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? அதைச் சொல்லுங்கள், மற்றது பிறகு.

மாலைமையம்26

ஜூனில் சோதித்தது 640 பேர், கதை வாசித்தவர்கள் 243. டிசம்பரில் 505 பேர், கதை 263. அந்த 505இல் 40 பேர் புதியவர்கள். அவர்களில் 22 பேர் கதை. இரண்டு முறையும் சோதிக்கப்பட்டவர்கள் 465. இந்த 465 பேரில் ஜூனில் கதை வாசித்தவர்கள் 206, டிசம்பரில் 241.

கணக்குநோட்டு

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதே 465 பேரை மட்டும் எடுங்கள். ஜூனில் 206, அதாவது 44.3%. டிசம்பரில் 241, அதாவது 51.8%. உங்கள் ஷீட் காட்டும் 14 புள்ளி ஏற்றத்தில் பிள்ளைகள் முன்னேறியது 7.5 புள்ளி. 6 புள்ளிக்குக் கொஞ்சம் மேல், வாசிக்கத் தெரியாதவர்கள் மையத்தை விட்டுப் போனதால் தானாக ஏறியது. மிச்சம் புதியவர்களால்.

போனவர்கள் 175 பேர். அவர்களில் கதை வாசித்தவர்கள் 243 - 206 = 37, மற்ற 138 பேர் வாசிக்காதவர்கள். வாசிக்கத் தெரிந்த 243 பேரில் 37 பேர் போனால் 15%. வாசிக்கத் தெரியாத 397 பேரில் 138 பேர் போனால் 35%. மையம் யாருக்காகத் திறக்கப்பட்டதோ அவர்கள்தான் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கழிகிறார்கள். இது சிவப்புக் கட்டத்தில் வர வேண்டிய செய்தி. உங்கள் ஷீட்டிலோ இதுவே பச்சைக்கு உரம் போட்டிருக்கிறது.

86% வருகையிலும் இதே கோளாறு இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இரண்டு வாரம் வராத பெயரை ரிஜிஸ்டரில் அடித்துவிட்டு, மிச்சமிருக்கும் பெயர்களுக்குச் சராசரி போடுகிறீர்களா? அப்படியென்றால் வருகை ஒருபோதும் இறங்காது. வகுக்கும் எண்ணாக ஜூன் பட்டியலையே வையுங்கள்: "ஜூனில் சேர்ந்த 640 பேரில், மையம் நடந்த நாட்களில் பாதிக்கு மேல் வந்தவர்கள் எத்தனை பேர்". மழை விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு "மையம் நடந்த நாள்" என்றே எண்ணுங்கள், இல்லாவிட்டால் நவம்பர் எல்லா மையத்துக்கும் அநியாயமாகச் சிவக்கும்.

மாலைமையம்26

ஆமாம், பெயரை அடித்துவிடுகிறோம். ஜூன், டிசம்பர் ஷீட்டுகளைப் பிள்ளை வாரியாக இணைத்து முழு அட்டவணை போடப் பார்த்தேன். பாதிப் பெயர் ஒட்டவில்லை. "முத்துக்குமார்", "முத்துகுமார்", "மு. குமார்" மூன்றும் ஒரே பையன். மேலே சொன்ன 465 கைக்கணக்கில் எடுத்தது.

எக்ஸெல்பித்தன்

பெயரை வைத்து இணைக்கவே கூடாது. மையத்துக்கு 2 இலக்கம், பிள்ளைக்கு 3 இலக்கம், ஆக 5 இலக்க எண். 7ஆம் மையத்தின் 12ஆவது பிள்ளை 07012. பிள்ளை போனாலும் அந்த எண்ணை வேறு யாருக்கும் தராதீர்கள். திரும்பி வந்தால் பழைய எண்ணே.

எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. எண்ணை டைப் செய்தவுடன் எக்ஸெல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கி 7012 ஆக்கிவிடும். ஒரு ஷீட்டில் 07012, இன்னொன்றில் 7012 என்றால் முதல் 9 மையங்கள் மட்டும் ஒட்டாது, காரணமும் புரியாது. டைப் செய்வதற்கு முன்பே அந்த நெடுக்கை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். அல்லது மைய எண்ணை 11இல் தொடங்குங்கள், தொல்லையே இல்லை.

பிறகு பிவட் டேபிள் (எக்ஸெல் தானே எண்ணித் தொகுக்கும் அட்டவணை): வரிசையில் ஜூன் நிலை, நெடுக்கில் டிசம்பர் நிலை, கடைசி நெடுக்காகப் "போய்விட்டார்". இந்த ஒரு கட்டம் போட்ட பிறகு 41இல் பாதி எதற்கென்று நீங்களே கேட்பீர்கள்.

அளவுகோல்

எண்ணை நம்பலாமா என்பதற்கு: தான் கற்பித்த பிள்ளையைத் தானே சோதித்துத் தானே குறிக்கும் முறையில் நம்ப முடியாது. தன்னார்வலர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பழகிய பிள்ளை திணறும்போது முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது மனித இயல்பு. ஆறு மாதமாக ஒரே தாள் என்றால் பிள்ளைக்குக் கதை மனப்பாடமும் ஆகியிருக்கும்.

செய்ய வேண்டியது: குறைந்தது 4 மாதிரித் தாள்கள். பத்தியிலிருந்து தொடங்க வேண்டும். சரளமாக, 3 பிழைக்கு மேல் இல்லாமல் வாசித்தால் அடுத்து கதையைக் கொடுங்கள். இல்லையென்றால் சொல்லுக்கு இறங்குங்கள், 5இல் 4 சரியாக வர வேண்டும். அதுவும் வராவிட்டால் எழுத்து, அங்கும் 5இல் 4. தனித்தனியாகக் கூப்பிட்டு, மற்ற பிள்ளைகளின் காதில் விழாத தூரத்தில்.

பிறகு மறுசோதனை. 505 பேரையும் மறுபடி சோதிக்கத் தேவையில்லை. கோஆர்டினேட்டர் பகுதி ஒவ்வொன்றிலும் சீட்டுக் குலுக்கி 19 பிள்ளைகள்; 4 பகுதிக்கு 76 பேர். கோஆர்டினேட்டர்களைப் பகுதி மாற்றி அனுப்புங்கள், முதல் சோதனை முடிந்த ஒரு வாரத்துக்குள். 19இல் 13 அல்லது அதற்கு மேல் முதல் நிலையோடு ஒத்துப்போனால் அந்தப் பகுதியின் தரவை வைத்துக்கொள்ளலாம். 12 அல்லது கீழே என்றால் அந்தப் பகுதி முழுவதும் மறுசோதனை. தொழிற்சாலைத் தரச் சோதனையிலிருந்து பொதுச் சுகாதாரத் திட்டங்களுக்கு வந்த முறை இது. 80% இலக்குக்கு 19இல் 13 என்பது அதன் அட்டவணையில் உள்ள எண். ஒரு பகுதி தேறியதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். தனி ஒரு மையத்தைப் பற்றி 19 பேரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒத்துப்போகாததற்குத் தன்னார்வலரின் ஊக்கத்தொகையில் கைவைத்தால் அடுத்த முறை எண்கள் மட்டும் அழகாக ஒத்துப்போகும். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அவசரப் பிரிவுகளில் 98% நோயாளிகளை 4 மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 4 மணி முடியப்போகும் கடைசி நிமிடங்களில் வெளியேறும் நோயாளிகளின் எண்ணிக்கை மட்டும் திடீரென்று மலைபோல் எழுந்தது. 2010இல் இலக்கை 95% ஆக்கினார்கள்.

மாலைமையம்26

எண் கொடுத்து இணைத்துவிட்டேன். 465 பேரின் அட்டவணை:

ஜூனில் எழுத்து அல்லது அதற்கும் கீழ், 70 பேர்: அங்கேயே 42, சொல் 23, பத்தி 5, கதை 0.
ஜூனில் சொல், 92 பேர்: எழுத்து 2, அங்கேயே 57, பத்தி 24, கதை 9.
ஜூனில் பத்தி, 97 பேர்: சொல் 8, அங்கேயே 54, கதை 35.
ஜூனில் கதை, 206 பேர்: பத்தி 9, கதை 197.

கணக்குநோட்டு

அருமை, இதுதான் உங்கள் டாஷ்போர்டு. முதலில் இறங்கியவர்களைப் பாருங்கள்: 2 + 8 + 9 = 19. வாசிக்கப் பழகிய பிள்ளை ஆறு மாதத்தில் மறப்பது அபூர்வம். பெரும்பாலும் இரண்டில் ஒரு சோதனை தவறு. இறங்கிய பக்கம் இவ்வளவு பிழை இருந்தால் ஏறிய பக்கமும் குறைந்தது அவ்வளவு இருக்கும். ஆகவே "44 பேர் கதைக்கு ஏறினார்கள்" என்று அறிக்கையில் எழுதாதீர்கள், நிகரமாக 35 என்று எழுதுங்கள்.

அடுத்து, தேங்கிய இடம். எழுத்தில் 70க்கு 42, சொல்லில் 92க்கு 57. இந்த 99 பேரின் பெயரை மையவாரியாக அச்சடித்துக் கோஆர்டினேட்டர் கையில் கொடுங்கள். வகுப்பு வாரியாக உட்காரவைத்துப் பாடம் நடக்கிறதா, நிலை வாரியாகவா என்று அவர் பார்த்துவரட்டும்.

ஏறியதெல்லாம் மையத்தால் என்றும் சொல்லிவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் நடக்கிறது, பிள்ளைக்கு ஆறு மாத வயதும் கூடியிருக்கிறது. மையத்துக்கு வராத பிள்ளைகளின் எண் கையில் இல்லாதவரை "மையத்தில் இருந்த பிள்ளைகளிடம் இவ்வளவு மாற்றம்" என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

களப்பணி

41 பற்றி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், எண் கெட்டால் மறுநாள் என்ன மாற்றுவார். மூன்றாவது காலியாக இருந்தால் வெட்டு. "பெற்றோர் கூட்டம் 100%" அங்கேயே விழும். அது எப்போதும் 100தான்.

உங்கள் மையங்களுக்கு நான் வைப்பது இவ்வளவுதான். தொடர்ந்து 5 நாள் வராத பிள்ளைகள், அவர்களில் அந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள்: இது வாராவாரம், கோஆர்டினேட்டர் மட்டத்தோடு நிற்கட்டும், தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் வேண்டாம். மாதத்துக்கு: மையம் நடந்த நாட்கள், ஜூன் பட்டியலில் பாதி நாளுக்கு மேல் வந்தவர்கள். ஜூன், டிசம்பர், மார்ச்சில்: நிலை மாற்ற அட்டவணை, போய்விட்டவர்கள் நிலைவாரியாக, மறுசோதனை ஒத்துப்போன அளவு. வருடத்துக்கு ஒருமுறை: மார்ச் வரை நீடித்த பிள்ளை ஒருவருக்கு ஆன செலவு. நன்கொடையாளர் மட்டும் கேட்கும் எண்கள் தனி ஷீட்டில் இருக்கட்டும், தன்னார்வலர் ஃபார்மில் வேண்டாம்.

மாதாந்திர வண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். 20 பிள்ளைகள் உள்ள மையத்தில் ஒரு பிள்ளை என்றால் 5 புள்ளி. இரண்டு பேருக்கு அம்மை வந்தால் பச்சை மஞ்சளாகும், கோஆர்டினேட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆறு மாதக் கோட்டை வரைந்து, அது தொடர்ந்து ஒரே பக்கம் போனால் மட்டும் விசாரியுங்கள்.

போர்டுக்கு "தரமான கல்வி" வேண்டாம். "ஜூனில் சொல் அல்லது அதற்குக் கீழ் இருக்கும் பிள்ளைகளில் மார்ச்சுக்குள் இத்தனை பேர் பத்தி அல்லது அதற்கு மேல்" என்று எழுதுங்கள். இந்த முறை டிசம்பருக்குள், நீடித்த 162 பேரில் (70 + 92) 38 பேர் (5 + 24 + 9), அதாவது 23%. இதை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு 80% எழுதினால் நீங்களே தன்னார்வலரைப் பொய் எழுதச் சொல்வதுபோல். போனவர்களை வாசிக்காதவர்கள் கணக்கில் வையுங்கள், அப்போதுதான் அவர்களைப் பிடித்துவைக்க யாருக்காவது அக்கறை வரும். யாராவது பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு (நிறுவனங்கள் பல கோணங்களில் தங்களை அளக்கும் அட்டை) போடலாம் என்றால், 26 மையத்துக்கு அது அதிகம்.

சட்டநிழல்

சி.எஸ்.ஆர். கேள்வி விட்டுப்போயிற்று. 2021 விதித் திருத்தப்படி இம்பாக்ட் அசெஸ்மெண்ட் கடமை கம்பெனியுடையது, உங்களுடையது இல்லை. முந்தைய 3 நிதியாண்டுகளில் சராசரி சி.எஸ்.ஆர். கடப்பாடு 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள கம்பெனிக்குத்தான் அது. அதிலும் 1 கோடி அல்லது அதற்கு மேல் செலவான திட்டங்களுக்கு மட்டும், திட்டம் முடிந்து குறைந்தது ஓராண்டு ஆன பிறகு. செய்ய வேண்டியது சுதந்திரமான ஏஜென்சி. நீங்களே உங்களை மதிப்பிட்டுத் தந்தால் அது அந்த விதிக்கு உதவாது. அந்தச் செலவை, 2022 திருத்தப்படி மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 2% அல்லது 50 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதிக்கொள்ளலாம். உங்கள் மானியத்திலிருந்து கழிக்கச் சம்மதிக்காதீர்கள். நிலை மாற்ற அட்டவணையையும் மறுசோதனை முடிவையும் கொடுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு.

மாலைமையம்26

எல்லோருக்கும் நன்றி. ஃபார்மை 41இலிருந்து 4 கேள்வியாக்கிவிட்டேன். மறுசோதனையில் மூன்று பகுதி 16, 14, 13. நான்காவது 9. அதே கோஆர்டினேட்டரை வைத்தே அந்தப் பகுதியை மறுபடி சோதிக்கலாமா?

அளவுகோல்

வேண்டாம். மற்ற மூவரும் பிரித்துக்கொள்ளட்டும், அவர் உடன் வந்து பார்க்கட்டும். அதற்கு முன் அந்தப் பகுதித் தன்னார்வலர்கள் கையில் எத்தனை மாதிரித் தாள் இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் போயிருக்கும்.